கலெக்டர் ஏறிய மலை

இந்த ஆண்டு மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி ஆசிரியர் குழு என்னைக் கேட்டபோது, நான் பாரதியாரையோ தமிழவேள் கோ. சாரங்கபாணியையோ எழுதுவேன் என்றுதான் அவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். ஒரு வெள்ளைக்காரக் கலெக்டரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் கூட்டத்தில் சின்னதாகச் சலசலப்பு. தமிழ் மலரில் அந்த மனிதருக்கு என்ன வேலை என்று ஒரு மூத்த மாணவர் கேட்டேவிட்டார். நியாயமான கேள்விதான். எனக்கும் கடந்த டிசம்பர் வரை அந்த மனிதரின் பெயர் தெரியாது. எல்லாம் ஒரு கிலோ கேரட்டில் தொடங்கியது.

சனிக்கிழமைகளில் நானும் என் விடுதித் தோழியும் தேக்கா சந்தைக்குப் போவது வழக்கம். அவள் கோயம்புத்தூர்ப் பக்கம் மேட்டுப்பாளையத்துக்காரி. நான் பேராக் மாநிலத்துத் தாப்பாவில் பிறந்து, ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியிலும் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்துவிட்டுச் சிங்கப்பூருக்குப் படிக்க வந்தவள். காய்கறிக் கடையில் கேரட்டைக் கையில் எடுத்தால் அவள் முதலில் கேட்பது, இது ஊட்டி கேரட்டா என்பதுதான். கடைக்கார அண்ணன் ஒவ்வொரு வாரமும் சிரித்துக்கொண்டே இல்லைம்மா, கேமரன் மலை என்பார். உடனே எங்களுக்குள் சண்டை மூளும். யார் ஊர் மலை பெரியது, எந்த மலையில் குளிர் அதிகம், எந்த மலைத் தேநீர் மணமானது என்று ரயிலில் ஏறும் வரை நடக்கும்.

எனக்கு இந்தச் சண்டையில் தோற்க மனமில்லாததற்குக் காரணம் இருந்தது. கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலை எங்கள் தாப்பாவில்தான் தொடங்குகிறது. 1931இல் திறந்த சாலை அது. என் தாத்தா இருபது வருடத்திற்கு மேல் மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பாட்டி கொழுந்து கிள்ளியவர். நான் பிறப்பதற்கு முன்பே பாட்டி அங்கே இறந்து, தோட்டத்து மயானத்திலேயே அடக்கமானார். அதன் பிறகு தாத்தா கீழே இறங்கி வந்தவர், ஒருமுறைகூட மேலே போகவில்லை. வீட்டு வாசலிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம்தான். பள்ளிச் சுற்றுலாவுக்கு நான் போய்வந்து ஸ்ட்ராபெரி வாங்கி வந்து கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். மலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார்.

போன டிசம்பர் விடுமுறையில், சண்டையை ஒரேயடியாகத் தீர்த்துவிடலாம் என்று தோழி என்னைத் தன் வீட்டிற்கு அழைத்துப் போனாள். மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரிக்கு இரண்டு வழி. குன்னூர் வழியாக எல்லோரும் போவார்கள். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் போட்ட மலை ரயிலும் அந்தப் பக்கம்தான். இன்னொரு வழி கோத்தகிரி வழி. கூட்டம் குறைவு என்பதால் தோழியின் அப்பா எங்களைக் கோத்தகிரிப் பேருந்தில் ஏற்றிவிட்டார். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்குத் தலை சுற்றியதை இங்கே விவரிக்கப் போவதில்லை. கோத்தகிரி அமைதியான ஊர். கடைவீதியைத் தாண்டினால் தேயிலை, பனி, எப்போதாவது ஒரு ஜீப். ஊட்டியைப் பார்க்கத் துடித்துக்கொண்டிருந்த எனக்கு இங்கே இறங்கியது ஏமாற்றமாகத்தான் இருந்தது. அங்கிருந்து இரண்டு கிலோமீட்டரில் கண்ணேரிமுக்கு என்ற சிற்றூர். அங்கே ஒரு பழைய பங்களாவைப் புதுப்பித்து நினைவகமாக வைத்திருக்கிறார்கள். பெத்தக்கல் பங்களா என்று பெயர். ஊட்டியை உருவாக்கியவர் முதலில் குடியிருந்த வீடு இதுதான் என்று தோழி சொன்னாள். அவர்தான் ஜான் சல்லிவன்.

1788ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் தேதி லண்டனில் பிறந்தவர் சல்லிவன். பதினைந்து, பதினாறு வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்து சென்னைக்குக் கப்பல் ஏறிவிட்டார். அந்த வயதில் நான் மூன்றாம் படிவத்துத் தேர்வுக்கு மலாய் மொழியில் வரலாற்றுக் குறிப்புகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்! கம்பெனியில் எழுத்தர் என்பது வெறும் குமாஸ்தா வேலையல்ல. அதிகாரியாவதற்கான முதல் படி. சல்லிவன் அந்தப் படிகளில் வேகமாகவே ஏறினார். 1815இல், இருபத்தேழு வயதில், கோயம்புத்தூர்க் கலெக்டரானார். அன்றைய கோயம்புத்தூர் மாவட்டம் இன்றுபோல் சிறியதல்ல. ஈரோடு, கரூர், தாராபுரம் எல்லாம் அதற்குள் அடக்கம். நீலகிரியும் பெயரளவில் அதற்குள்தான் இருந்தது.

பெயரளவில் என்று சொல்லக் காரணம், சமவெளியில் இருந்த கம்பெனி அதிகாரிகளில் அந்த மலையை அறிந்தவர்கள் வெகு சிலர். அடிவாரக் காட்டில் காய்ச்சலும் யானையும் புலியும். மேலே வெயில் படும்போது நீலமாகத் தெரியும் ஒரு சுவர். ஆனால் மலை யாருமற்றுக் கிடந்தது என்று நினைத்துவிடக் கூடாது. தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் என ஐந்து மக்களும் காலங்காலமாக அங்கே வாழ்ந்துவந்தனர். தோடர் எருமை மேய்த்தனர், கோத்தர் இரும்பும் மண்ணும் கொண்டு பொருள்கள் செய்தனர், படகர் சாமையும் ராகியும் விளைவித்தனர். ஒருவர் பொருளை ஒருவர் மாற்றிக்கொண்டனர். கோத்தகிரி என்ற பெயரே கோத்தர்களின் பெயரால் வந்ததுதான். 1603இலேயே ஃபினிச்சியோ என்ற இயேசு சபைப் பாதிரியார் மலபார்ப் பக்கமிருந்து ஏறி வந்து தோடர்களைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். 1812இல் கம்பெனியின் நில அளவையாளர்கள் கீஸ், மக்மஹன் இருவரும் வந்தனர். 1818இல் சல்லிவனின் உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரண்டு இளைஞர்கள் ஏறினர். புகையிலை கடத்துபவர்களைத் துரத்திக்கொண்டே போய் மேலே வந்துவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. கதை சுவையாக இருப்பதால் பல புத்தகங்களில் இருக்கிறது. எனக்கென்னவோ அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. வேலை நேரத்தில் மலை ஏறிய இரண்டு இளைஞர்கள் மேலதிகாரியிடம் சொல்வதற்கு ஏற்ற காரணம்போல் இருக்கிறது.

அவர்கள் சொன்ன குளிரைக் கேட்டுச் சல்லிவனுக்கு ஆவல் பிறந்தது. 1819ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் தேதி சிறுமுகையிலிருந்து ஒரு குழுவோடு புறப்பட்டார். பாதை இல்லை. செங்குத்தான பாறைகள். சில நாள்கள் போராடி இன்றைய கோத்தகிரிக்கு அருகிலுள்ள திம்பட்டிப் பக்கம் வந்து சேர்ந்தார். கோயம்புத்தூர் வெயிலில் நான்கு ஆண்டுகள் வெந்த மனிதருக்கு ஜனவரி மாதத்துப் படகர் கிராமத்தின் விடியற்காலை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அப்போது அவருக்கு வயது முப்பது.

நினைவகத்தில் இந்தத் தேதியைப் படித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. 1819 ஜனவரி! சிங்கப்பூரில் இருப்பவர்கள் யாருக்கும் மறக்காத மாதமல்லவா அது? அதே மாதக் கடைசியில்தான் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் இறங்கினார். பிப்ரவரி 6ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டு மே மாதம் ராஃபிள்ஸின் இரண்டாம் வருகையின்போது பினாங்கிலிருந்து அவரோடு நாராயண பிள்ளை கப்பலில் வந்து சேர்ந்தார். ராஃபிள்ஸும் அதே கம்பெனியில் பதினான்கு வயதில் எழுத்தராகச் சேர்ந்தவர்தான். சல்லிவன் மலைக்குப் போனதற்கும் ராஃபிள்ஸ் தீவுக்கு வந்ததற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் ஒரே கம்பெனியின் இரண்டு ஊழியர்கள், ஒரே மாதத்தில், ஏற்கெனவே மக்கள் வாழ்ந்த இரண்டு இடங்களைக் கண்டுபிடித்தார்கள் என்று பிற்காலத்துப் பள்ளிப் புத்தகங்கள் எழுதும்படி ஆயிற்று. நான் படித்த இரண்டு பள்ளிகளிலும் ராஃபிள்ஸைப் பற்றிப் படித்தேன். சல்லிவனின் பெயரை எங்கும் கேட்டதில்லை.

அந்த ஆண்டே சல்லிவன் மீண்டும் மேலே போனார். கோயம்புத்தூரில் நோயுற்றுக் கிடந்த லெஷெனோ என்ற பிரெஞ்சுத் தாவரவியல் அறிஞர் மலைக்குப் போய்ச் சில வாரங்களில் தேறினார். இது சல்லிவனின் கையில் கிடைத்த நல்ல ஆயுதமாயிற்று. கம்பெனியின் படைவீரர்கள் இந்தியாவில் போரில் இறந்ததைவிடக் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் இறந்தது அதிகம். நோயாளிகளைக் கப்பலேற்றி நன்னம்பிக்கை முனைக்கும் இங்கிலாந்துக்கும் அனுப்பும் செலவோ பெரிது. கையெட்டும் தூரத்தில் ஒரு குளிர்மலை இருக்கும்போது அது எதற்கு என்பதுதான் அவரது வாதம். 1820இல் சென்னை ஆளுநராக வந்த தாமஸ் மன்றோவுக்கு மலையை ஐரோப்பாவோடு, குறிப்பாக ஸ்விட்சர்லாந்தோடு ஒப்பிட்டு எழுதினார். அதே 1820இல் ஹென்ரியெட்டா என்ற இளம்பெண்ணை மணந்தார். நீலகிரி மேல் ஏறிய முதல் ஐரோப்பியப் பெண் அவர்தான் என்று சொல்கிறார்கள்.

இனிப் பாதை. சிறுமுகையிலிருந்து திம்பட்டி வரை குதிரையும் பல்லக்கும் ஏறக்கூடிய ஒரு பாதைக்கு அனுமதி வாங்கி, 1823க்குள் முடித்தார் சல்லிவன். மேற்பார்வை லெப்டினன்ட் மக்ஃபர்சன். மண்வெட்டி பிடித்தவர்கள் யார்? சிறைக் கைதிகள். புத்தகங்களில் இது ஒரு வரியில் வந்துபோகிறது. எனக்கோ அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. 1825 முதல் சிங்கப்பூருக்கும் இந்தியக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். இங்கே சாலை போட்டவர்கள், சதுப்பு நிலத்தை மேடாக்கியவர்கள், செங்கல் சுட்டவர்கள் அவர்கள். நாம் கடந்து போகும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் கட்டியது. இந்தப் போக்குவரத்து ஒருவழிப் பாதையும் அல்ல. 1860களில் நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து, அதாவது சிங்கப்பூர், பினாங்கு, மலாக்காவிலிருந்து, மதராஸ் மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளில் சிலர் நீலகிரியின் நடுவட்டத்துக்கு வந்து சேர்ந்தனர். மலேரியாவுக்கு மருந்தாகும் கொயினா மரத் தோட்டங்களில் அவர்களை வேலை வாங்கினார்கள். விடுதலையான பிறகு சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து அங்கேயே தங்கிவிட்டனர். நம் ஆட்கள் இங்கே கல் உடைக்க, இங்கிருந்து போனவர்கள் அங்கே மரம் நட்டிருக்கிறார்கள்! இது சல்லிவன் காலத்துக்குப் பிந்திய கதை என்பதால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

சல்லிவன் திம்பட்டியோடு நிற்கவில்லை. இன்னும் மேலே, சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், தோடர்களின் மந்து ஒன்று இருந்த பள்ளத்தாக்கைப் பார்த்தார். மந்து என்றால் தோடர் குடியிருப்பு. உதகமண்டலம் என்ற பெயரின் பிற்பாதி அதுதான். 1822இல் அங்கே கல்லால் ஒரு வீடு கட்டத் தொடங்கினார். ஊட்டியின் முதல் ஐரோப்பிய வீடான அந்தக் கல் பங்களா இன்றைக்கும் அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. ஏறக்குறைய அதே மாதங்களில் ராஃபிள்ஸும் இங்கே புக்கிட் லாரங்கான் மேல் தமக்கு ஒரு மரவீடு கட்டி, அடிவாரத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் வளர்க்கச் சோதனைத் தோட்டம் போட்டுக்கொண்டிருந்தார். இன்றைய ஃபோர்ட் கேனிங் குன்றுதான் அது. வெள்ளைக்காரர்களுக்கு மேடு என்றால் ஒரு பைத்தியம் என்று தோழி சொன்னாள்.

சல்லிவனின் தோட்டம் ராஃபிள்ஸின் தோட்டத்தைவிட நன்றாகவே பலன் கொடுத்தது. இங்கிலாந்திலிருந்து தோட்டக்காரர் ஒருவரை வரவழைத்து உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ், டர்னிப், பீட்ரூட், ஸ்ட்ராபெரி, ஆப்பிள், பார்லி என்று ஒன்றுவிடாமல் பயிரிட்டுப் பார்த்தார். பிழைத்தது எது, அழுகியது எது என்று கணக்கு வைத்தார். விதைகளைப் படகர்களுக்குக் கொடுத்தார். அவர்கள் எச்சரிக்கையான உழவர்கள். உடனே சாமையை விட்டுவிடவில்லை. ஆனால் உருளைக்கிழங்கு மெல்ல மெல்ல அவர்களது பயிராகவே ஆகிவிட்டது. என் தோழிக்கு இன்று கேரட் என்றாலே முன்னால் ஊட்டி என்ற சொல் ஒட்டிக்கொண்டு வருவதன் வேர் இந்தத் தோட்டத்தில் இருக்கிறது. 1823க்கும் 1825க்கும் இடையில் ஓடைகளை மறித்து ஓர் ஏரியையும் வெட்டினார். இன்று நாம் படகு சவாரிக்கு வரிசையில் நிற்கிறோமே, அதே ஏரிதான். 1826இல் ஆளுநர் மன்றோ நேரில் வந்து சல்லிவனின் வீட்டில் தங்கிப் பார்த்து மகிழ்ந்தார். மறு ஆண்டே மன்றோ சமவெளியில் காலராவில் இறந்தது பெரிய சோகம்.

இதுவரை படித்தவர்கள் நான் ஏதோ ஒரு வெள்ளைக்காரருக்கு மாலை போட வந்திருக்கிறேன் என்று எண்ணக்கூடும். அப்படியல்ல. நிலம் என்ற இடத்தில்தான் சல்லிவன் எனக்குப் புதிராகிறார். தோடர்களின் மேய்ச்சல் நிலத்தை ஏக்கர் ஒரு ரூபாய் என்று வாங்கினார் என்கிறார்கள். வாங்கியதும் கொஞ்சநஞ்சமல்ல. அன்றைக்கு அந்த மலையில் இருந்த ஐரோப்பியர்களில் அதிக நிலம் வளைத்தவர் அவர்தான். நிலத்தை விற்பது என்ற பழக்கமே இல்லாத ஒரு மக்களிடம், வரி வசூலிக்கும் கலெக்டரே வந்து விலை கேட்டால் அது என்ன வியாபாரம்? மறுக்க யாருக்குத் துணிவு வரும்? எருமைக்குப் புல் வேண்டும் என்று சொன்னால் கேட்டிருப்பாரா?

ஆனால் அதே சல்லிவன்தான், இந்த மலை நிலம் தோடர்களுக்குச் சொந்தமானது, அவர்களது சம்மதமும் அவர்களுக்கு ஈடும் இல்லாமல் எடுக்கக் கூடாது என்று அரசாங்கத்தோடு பல ஆண்டுகள் வாதாடினார். மலை யாருக்கும் சொந்தமில்லை, அரசாங்கத்துக்குத்தான் சொந்தம், தோடர்களுக்கு மேய்க்கும் உரிமை மட்டுமே உண்டு என்பது எதிர்த்தரப்பு. கையிலிருந்த நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சல்லிவன் அப்படி வாதாடினார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். தோடர்களுக்கு உரிமை இருந்தால்தானே அவர்களிடம் வாங்கியது செல்லும்! விடுதியில் இதைப் பற்றி விவாதித்தபோது என் நண்பர் ஒருவர் அப்படித்தான் சொன்னார். நானும் ஒரு வாரம் அதை நம்பினேன். ஆனால் நிலமெல்லாம் கைவிட்டுப் போய், வேலையும் முடிந்து, இங்கிலாந்தில் உட்கார்ந்திருந்த முதிய சல்லிவன் செய்ததைப் படித்த பிறகு அந்த எளிய பதில் எனக்குப் போதவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

1827இல் லஷிங்டன் சென்னை ஆளுநரானார். அவருக்கும் ஊட்டியின்மேல் காதல். ஆனால் அந்தக் காதலில் சல்லிவனுக்கு இடமில்லை. மலை ராணுவ நலவாழ்வு இடமாயிற்று. ஒரு ராணுவ அதிகாரியின் கைக்கு நிர்வாகம் போனது. 1830இல் மலையின் பெரும்பகுதியைக் கோயம்புத்தூரிலிருந்து பிரித்து மலபார் மாவட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். சாலை போட்டவரிடமிருந்து ஊரே பறிபோயிற்று. அதே ஆண்டு சல்லிவன் கோயம்புத்தூரை விட்டு இங்கிலாந்துக்குப் போனார். லஷிங்டன் எழுப்பிய செயின்ட் ஸ்டீஃபன்ஸ் தேவாலயம் அந்த நேரத்தில்தான் எழுந்தது. அதன் பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கழற்றி யானைகளைக் கொண்டு மலை ஏற்றப்பட்டவை. அந்தத் தேவாலயத்தின் மயானத்தில் தம் குடும்பத்துக்கே ஓர் இடம் காத்திருக்கிறது என்று சல்லிவன் அறிந்திருக்கவில்லை.

1835இல் சென்னைக்குத் திரும்பினார். இம்முறை வருவாய் வாரியத்தில் மூத்த பதவி. பிறகு ஆளுநரின் ஆலோசனைக் குழுவில் இடம். பதவி உயர்ந்தது. ஆனால் 1838இல் மனைவி ஹென்ரியெட்டா இறந்தார். ஒரு மகளும் அவரைத் தொடர்ந்தார். நோயைப் போக்கும் மலை என்று ஊருக்கெல்லாம் எழுதிய மனிதரின் மனைவியும் மகளும் அந்த மலையிலேயே புதைக்கப்பட்டனர். செயின்ட் ஸ்டீஃபன்ஸ் மயானத்தில் அந்தக் கல்லறை இருக்கிறது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1841இல், சல்லிவன் இந்தியாவை விட்டுப் போனார். திரும்பி வரவேயில்லை.

நாங்கள் மறுநாள் ஊட்டிக்குப் போய் அந்தக் கல்லறையைப் பார்த்தோம். டிசம்பர் மாத ஊட்டியில் கார்களுக்கு நடுவே நடப்பதே பாடு. 1820களில் யாராவது மேலே வாருங்கள் என்று கெஞ்சிக் கடிதம் எழுதிய ஊருக்கு, கூட்டம் தாங்காமல் 2024 மே மாதம் நீதிமன்ற உத்தரவால் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை கொண்டுவர வேண்டியதாயிற்று. மயானத்துக்குள் நுழைந்ததும் அந்த இரைச்சல் அடங்கிவிட்டது. பாசி பிடித்த கல், ஈரப் புல். தோழி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். தேவாலய மயானத்தில் அப்படி ஒரு வழக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். நானும் கழற்றினேன். எனக்கு அப்போது ஹென்ரியெட்டாவின் ஞாபகம் வரவில்லை. கேமரன் மலையில் ஒரு தோட்டத்து மயானத்தில், நான் ஒருமுறைகூடப் பார்த்திராத பாட்டியின் ஞாபகம்தான் வந்தது.

இங்கிலாந்தில் சல்லிவன் ஓய்வாக இருக்கவில்லை. கம்பெனியின் பங்குதாரர் என்ற முறையில் லண்டன் கூட்டங்களில் எழுந்து நின்று கம்பெனியையே குறை கூறினார். இந்தியர்களைக் கீழ்ப்பதவிகளில் வைத்துவிட்டு எல்லா உயர்பதவிகளையும் வெள்ளையரே எடுத்துக்கொள்வது அநியாயம் என்றார். அந்நாட்டின் வரிப்பணம் அங்கே செலவாகாமல் கடல் தாண்டிப் போவது அதை வறுமையாக்குகிறது என்றார். டல்ஹௌசி பிரபுவின் காலத்தில் 1848இல் சத்தாராவும் பிறகு வேறு சமஸ்தானங்களும் விழுங்கப்பட்டபோது, இந்திய மன்னர்களோடு செய்த ஒப்பந்தங்களை மதிக்க மாட்டோமா என்று கேட்டு 1853இல் நூல்கள் வெளியிட்டார். இதனால் அவருக்கு ஒரு காசு லாபம் இல்லை. பழைய நண்பர்கள் சிலர் முகம் சுளித்திருப்பார்கள். தாதாபாய் நௌரோஜி செல்வச் சுரண்டலைப் பற்றி எழுதுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஒரு முன்னாள் கலெக்டர் ஏறக்குறைய அதையே சொன்னார் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. இதைத்தான் பிறகு சொல்கிறேன் என்றேன். தோடர்களுக்காக அவர் வாதாடியதில் தன்னலம் கலந்திருக்கலாம், ஆனால் தன்னலம் மட்டுமே இருந்திருக்க முடியாது என்பது என் கணிப்பு. நிலத்தை வளைத்ததும் அவர்தான், அது அவர்களுடையது என்று சொன்னதும் அவர்தான்.

தோடர்கள் இன்று சுமார் இரண்டாயிரம் பேர்தான் இருக்கிறார்கள். அவர்களது எருமைகள் மேய்ந்த புல்வெளிகளைப் பிற்காலத்தில் தைல மரமும் வாட்டில் மரமும் தேயிலையும் மூடிவிட்டன.

1855ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் தேதி, அறுபத்தாறாம் வயதில், சல்லிவன் இங்கிலாந்தில் இறந்தார். ஸ்லவ் நகருக்கு அருகில் அப்டன் என்ற இடத்தில் செயின்ட் லாரன்ஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலின் கல்லறையும் அங்கேதான் உள்ளது. சல்லிவனின் கல்லறை நெடுங்காலம் நீலகிரிக்காரர்கள் யாரும் அறியாமல் மறந்து கிடந்தது. 1826இல் இறந்த ராஃபிள்ஸின் கல்லறையும் அப்படித்தான். 1914 வரை எங்கே என்றே தெரியாமல் இருந்தது. கண்ணேரிமுக்கு பங்களா இடிந்து போகும் நிலையிலிருந்து 2002இல்தான் மீட்கப்பட்டது. ஊட்டியின் இருநூறாம் ஆண்டையொட்டி 2022 மே மாதம் தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின் அங்கே சல்லிவனுக்குச் சிலை திறந்து வைத்தார். சிங்கப்பூரின் இருநூறாம் ஆண்டில், 2019 ஜனவரியில், ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் சாங் நீல உத்தமா, நாராயண பிள்ளை, டான் டோக் செங், முன்ஷி அப்துல்லா ஆகியோரின் சிலைகளையும் கொஞ்ச நாள் நிறுத்திவைத்தார்கள். ஊட்டிச் சிலையின் பக்கத்திலும் ஒரு தோடரையும் மண்வெட்டியோடு ஒரு கைதியையும் நிறுத்தினால் என்ன என்று நான் கேட்டேன். தோழி, அப்படியானால் கேரட் விற்கும் ஒரு படகர் அம்மாவும் வேண்டும் என்றாள். ஊர்ச் சண்டையில் நாங்கள் ஒத்துப்போனது அந்த ஒரு முறைதான்.

சிங்கப்பூருக்குத் திரும்பியதும் தாத்தாவுக்குப் போன் செய்தேன். கலெக்டர் கதையை முழுக்கச் சொன்னேன். சாலையைப் பற்றிச் சொன்னபோது உம் கொட்டினார். உருளைக்கிழங்குக்குச் சிரித்தார். மனைவியையும் மகளையும் மலையில் விட்டுவிட்டு 1841இல் கப்பல் ஏறினார், அதற்குப் பிறகு வரவேயில்லை என்று சொன்னபோது, அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, அவருக்குக் கப்பல், எனக்கு என்ன, பஸ்தானே என்றார்.

சீனப் புத்தாண்டு விடுமுறையில் நான் ஊருக்குப் போனேன். மாமாவின் காரில் தாத்தா முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். தாப்பாவிலிருந்து மேலே ஏற ஏற, எந்த வளைவில் எப்போது லோரி கவிழ்ந்தது, எங்கே புதிதாகக் கடை வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். தோட்டத்து மயானத்தில் பாட்டியின் இடத்தை யாரையும் கேட்காமல் நேராகக் கண்டுபிடித்தார். லாலான் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, மாமாவிடம் பாராங் கத்தியை வாங்கிக்கொண்டு, அவரே குனிந்து வெட்ட ஆரம்பித்தார்.